லைஜூவின் மணியில் மூன்று இழுப்பு

யூபான் வாழ்க்கையில் முதன்முதலாகப் பொறாமைப்பட்டது ஒரு பன்றியைப் பார்த்து. அப்போது அவனுக்கு ஐந்து வயது. அவன் அம்மா விடிந்ததும் முதல் அகப்பைக் கஞ்சியைப் பன்றித் தொட்டியில் ஊற்றிவிட்டுத்தான் பிள்ளைகள் பக்கம் திரும்புவாள். வருடக் கடைசிப் பலிக்குக் கொழுக்க வேண்டிய பன்றி, அதனால் அதற்கு அந்த மரியாதை. இவன் தொட்டியருகே போய் நின்று அதை முறைத்துக்கொண்டே இருப்பான். பலி நாள் வந்து, எல்லாப் பிள்ளைகளும் வாயெல்லாம் கொழுப்பாக இறைச்சி தின்றுகொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டுப் பன்றி இதைவிடப் பெரியது என்று இவன் ஒருவன் மட்டும் அழுதான்.

அவனுடைய காது கூர்மையானதுகூட இந்தக் குணத்தால்தான். பக்கத்து வீட்டில் என்ன வேகிறது என்று சுவரில் காதை வைத்துக் கேட்டுக்கேட்டுப் பழகியவன். சட்டியில் கரண்டி படும் சத்தத்தை வைத்தே கஞ்சி கெட்டியா, தண்ணீரா, சட்டி நிறைய இருக்கிறதா, பாதியா என்று சொல்லிவிடுவான். பதினான்காவது வயதில், ஹான் ஆற்றுக் கரையில் இருந்த எங்கள் பிரபுவின் வார்ப்புப் பட்டறைக்கு விறகு கொண்டுபோன இடத்தில், வரிசையாக வைத்திருந்த வெண்கலப் பாத்திரங்களைப் போகிற போக்கில் விரலால் சுண்டிப் பார்த்து, "இதுல ஒண்ணு விரிசலு" என்றான். திட்ட வந்த மேற்பார்வையாளர் அதைத் தூக்கிப் பார்த்தார். அடியில் தலைமுடி கனத்துக்கு ஒரு கீறல் இருந்தது. அன்றைக்கே விறகுக் கட்டைக் கீழே போடச் சொல்லிவிட்டு அவன் கையில் தேய்ப்புக்கல்லைக் கொடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு முப்பத்திரண்டு வருடம் மணி தேய்த்தான். எங்கள் மணிகளுக்கு நாக்குக் கிடையாது. வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டு, வெளியிலிருந்து மரச் சுத்தியலால் தட்ட வேண்டும். இரண்டு கூரை ஓடுகளை எதிரெதிராகச் சேர்த்து வைத்தது போல, வயிறு தட்டையாகவும் இரண்டு ஓரமும் கூராகவும் இருக்கும். அந்த உருவத்தால் ஒரே மணிக்கு இரண்டு குரல். முகத்தின் நடுவில் தட்டினால் ஒரு குரல், பக்கத்தில் தள்ளித் தட்டினால் இன்னொரு குரல். அச்சிலிருந்து எடுத்த உடனே இரண்டும் சரியாக வந்துவிடாது. வாய்க்குள் கையை விட்டு, உள் விளிம்பில் அங்கங்கே கல்லால் இழுத்து இழுத்துத் தேய்க்க வேண்டும். தேய்க்கத் தேய்க்கக் குரல் இறங்கும். இறக்கலாமே தவிர ஏற்ற முடியாது. ஒரு இழுப்பு கூடிவிட்டால் மணி போனதுதான், உடைத்து மறுபடியும் உலையில் போட வேண்டும்.

அதனால் எந்த மணி யார் பொறுப்போ, அவன் பெயரை வாய்க்குள் கொத்திவிட்டுத்தான் கையில் கொடுப்பார்கள். பெருமைக்காக அல்ல, பிழை வந்தால் யாரைப் பிடித்து உதைப்பது என்று தெரிய வேண்டுமே, அதற்காக. ஒருவன் பெயருள்ள மணியில் இன்னொருவன் கல்லை வைத்தால் கணுக்காலோடு ஒரு காலை எடுத்துவிடுவார்கள். சந்தையில் அப்படி ஒற்றைக் காலோடு கூடை முடைந்து விற்கும் ஆள் ஒருவன் உண்டு. அவனைப் பார்த்தால் பட்டறைக்காரர்கள் எல்லோரும் ஒருமுறை குனிந்து தங்கள் பாதத்தைப் பார்த்துக்கொள்வார்கள். யூபானுக்கு மட்டும் உதைக்காக வைத்த அந்தப் பெயர்மேல் கொள்ளை ஆசை. தன் பெயர் எத்தனை மணிகளில் இருக்கிறது என்று விரல் விட்டு எண்ணுவான். பெரிய மணி ஒன்றில்கூட இல்லையே என்பது அவனுடைய தீராத வயிற்றெரிச்சல். வரிசையின் பெரிய மணி எப்போதும் தேய்ப்பவர்களின் தலைவனுக்குத்தான் போகும்.

லைஜூ எங்கள் பட்டறைக்கு வந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. ஆற்றின் கீழ்த்திசை ஊர்க்காரன். யூபானைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன், ஓங்குதாங்கான ஆள், யாரைப் பார்த்தாலும் பல் தெரியச் சிரிப்பான். வேலை செய்யும்போது மூக்கால் ஏதோ பாடிக்கொண்டே தேய்ப்பான். துருத்தி ஊதுகிறவர்கள்கூட இளைப்பாறும் நேரத்தில் அவன் பக்கம்தான் போய் உட்காருவார்கள். இதெல்லாம் யூபானுக்கு அடிவயிற்றில் நெருப்பு வைத்தது போல இருந்தது.

"பாட்டு என்ன வேண்டிக்கிடக்கு? மணியக் கேக்கிறவன் பாடுவானா?" என்று வீட்டில் வந்து கரித்துக் கொட்டுவான்.

அவன் மனைவி ஷூமீ சணல் நூற்றுக்கொண்டே, "அவரு மணி நல்லாத்தானே வருதாம்?" என்பாள்.

"யாரு சொன்னா?"

"நீங்கதான். நேத்து தூக்கத்துல."

போன கோடையில் பழைய தலைவர் காய்ச்சலில் போய்விட்டார். தேய்ப்பதற்கு மிஞ்சியது யூபானும் லைஜூவும்தான். அதே மாதம் பிரபு தன் முன்னோர் கோயிலுக்குப் பத்தொன்பது மணிகள் கேட்டார். மேற்பார்வையாளர் இரண்டு பேரையும் கூப்பிட்டு, "தலைவன் யாருன்னு நான் சொல்லப்போறதில்ல. கோயில்ல மணி பேசுற அன்னைக்கு இசையாசிரியர் எந்த மணியைத் தட்டிட்டு 'இந்தக் கை யாருது'ன்னு கேக்கிறாரோ, அந்தக் கைக்காரன்தான் தலைவன்" என்று சொல்லிவிட்டார்.

யூபானுக்கு அந்தப் பதவி கிடைத்த மாதிரியே இருந்தது. முப்பத்திரண்டு வருடம் என்ன, மூன்று வருடம் என்ன! ஆனால் பங்கு பிரித்தபோது பதினொரு சின்ன மணிகள் யூபானுக்கும், பெரியது உட்பட எட்டு லைஜூவுக்கும் போயின. சின்ன மணியில்தான் காது அதிகம் வேண்டும், அதனால் அது உனக்கு என்று மேற்பார்வையாளர் தட்டிக்கொடுத்தார்.

"பெரிசு எதுக்குய்யா அவனுக்கு?"

"அவன் கை நீளம், யூபான். உன் கை உள்ளே பாதிதான் எட்டும்."

"கை நீளமா இருந்தா ஆரஞ்சு பறிக்கப் போகச் சொல்லுங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். லைஜூவும் சிரித்தான். அவன் சிரித்ததுதான் யூபானுக்குப் பொறுக்கவில்லை.

பெரிய மணி வார்ப்பானது இலையுதிர் காலத்தில். யூபானுக்கு அதில் ஒரு வேலையும் இல்லை. இருந்தாலும் தினமும் போய் நின்றான். மண்ணில் மணியின் உருவம் செய்தபோது, அது காயும்போது வெடித்துவிடும் என்று எதிர்பார்த்தான். வெடிக்கவில்லை. அந்த உருவத்தின்மேல் ஈர மண்ணை அப்பி, அச்சைத் துண்டு துண்டாக அறுத்தெடுத்தார்கள். மணியின் முகத்தில் வர வேண்டிய முப்பத்தாறு குமிழும் நாகமும் மேகமும் அச்சின் உட்புறத்தில் அப்படியே பதிந்திருந்தன. ஏதாவது ஒரு துண்டு சூளையில் கோணிவிடும் என்று நினைத்தான். கோணவில்லை. நடுவில் உள்மண்ணை நிறுத்தி, சுற்றிலும் துண்டுகளைக் கூட்டிக் கட்டி, குழியில் தலைகீழாக இறக்கினார்கள். இடைவெளியில் மணி கனத்துக்கு வெற்றிடம். உலையில் செம்பும் வெள்ளீயமும் உருகி, புகை கருப்பிலிருந்து மஞ்சளாகி, வெள்ளையாகி, கடைசியில் பச்சையாக எழும்பியது. ஊற்று என்று குரல் கொடுத்தார்கள். வெண்கலம் இறங்கும்போது எங்காவது காற்று அடைத்து ஓட்டை விழட்டும் என்று யூபான் பல்லைக் கடித்துக்கொண்டு வேண்டிக்கொண்டான். யாரிடம் வேண்டிக்கொண்டான் என்று கேட்காதீர்கள். இதற்கெல்லாம் காது கொடுக்கும் சாமி இருந்தால், ஊரில் பாதிப்பேர் அதற்குத்தான் கோயில் கட்டியிருப்பார்கள்.

மூன்றாம் நாள் அச்சை உடைத்தார்கள். மணி குழந்தை பிறந்தது போல முழுசாக வெளியே வந்தது. ஒரு குமிழில்கூடக் குறை இல்லை. லைஜூ ஓடிவந்து, "யூபான் அண்ணே, பார்த்தீங்களா!" என்று கையைப் பிடித்துக் குலுக்கினான். வந்த எரிச்சலை விழுங்கிக்கொண்டு யூபான், "ம், பார்த்தேன்" என்றான்.

இலையுதிர் காலம் முடிவதற்குள் லைஜூ அதன் நடுக்குரலைத் திறந்த முற்றத்திலேயே சரிசெய்துவிட்டான். பிறகு குளிர் வந்தது. முற்றத்தில் உட்கார முடியாது, உள்ளே இடம் பிரிக்க வேண்டும். மூத்தவன் என்ற உரிமையில் யூபான் தெற்குப் பக்க அறையை எடுத்துக்கொண்டான். லைஜூவை அச்சு சுடும் சூளையின் ஓரத்துக்குத் தள்ளினான். புகை, தூசு, போகிறவர் வருகிறவர் தொல்லை. அங்கே யாரும் அதுவரை மணி தேய்த்ததே இல்லை. நன்றாகப் படட்டும் என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டான்.

பத்து நாள் கழித்து ஆற்றோரம் பனிக்கட்டி கட்டியது. தெற்கு அறையில் யூபானுக்கு விரல் வெடித்து ரத்தம் வந்தது. ஏதோ ஒரு சாக்கில் சூளைப் பக்கம் போனால், லைஜூ மேலங்கியைக் கழற்றிப் போட்டுவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டு மூக்கால் பாடிக்கொண்டிருந்தான். சூளையைச் சுற்றி நாலைந்து பேர் குளிர் காய்ந்துகொண்டிருந்தார்கள்.

"வாங்கண்ணே, உக்காருங்க. நல்ல இடமாப் பார்த்துக் குடுத்தீங்க, புண்ணியமாப் போகும்" என்றான் லைஜூ. அதில் குத்தல் எதுவும் இல்லை. குத்தல் இருந்திருந்தால் யூபானுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். தானே பார்த்துத் தள்ளிவிட்ட இடத்தின்மேலேயே அவனுக்கு இப்போது பொறாமை வந்துவிட்டது.

மணிகள் கோயிலில் பேசுவதற்கு முதல் நாள் வருடக் கடைசிப் பலி. நடுப்பகலில் பட்டறை மொத்தமும் பங்கு இறைச்சி வாங்க மேற்பார்வையாளர் முற்றத்துக்குப் போய்விட்டது. லைஜூ காலையிலேயே தன் மணியை முடித்துவிட்டு, வைக்கோல் பாயால் மூடியிருந்தான். சாயங்காலம் மாட்டுவண்டி வந்து எல்லா மணிகளையும் ஏற்றிக்கொண்டு போகும். யூபான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "நீங்க போங்கப்பா, எனக்கு ஒரு மாதிரியா இருக்கு" என்று பின்தங்கினான்.

யாரும் இல்லை. சூளை கனன்றுகொண்டிருந்தது. யூபான் பாயை விலக்கினான். பார்ப்பதற்குத்தான் வந்தான், சத்தியமாக. சுத்தியலை எடுத்து நடுவில் தட்டினான். குரல் ஆழமாக வந்தது. பிறகு பக்கத்தில் தட்டினான்.

சரியாக இருந்தது. கொஞ்சம்கூட ஏற்றமில்லை, இறக்கமில்லை. குறை தேடித்தேடியே வளர்ந்த காது அவனுடையது, அந்தக் காதே குறை கண்டுபிடிக்க முடியாமல் திகைத்து நின்றது. யூபானுக்கு அழுகை வந்துவிட்டது. இவன் நாளைக்குத் தலைவன். நான் சாகிறவரைக்கும் இவனிடம் "சரிங்க" போட வேண்டும். இனி வரும் எல்லாப் பெரிய மணிகளின் வாய்க்குள்ளும் இவன் பெயர்தான்.

தேய்க்கும் கருங்கல்லை எடுத்து மணியின் வாய்க்குள் எட்டும் வரைக்கும் கையை விட்டான். பக்கக் குரல் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று முப்பத்திரண்டு வருடப் பழக்கத்தில் விரலுக்கே தெரியும். அந்த இடத்தில் ஒரு இழுப்பு, இன்னொன்று, இன்னொன்று. வாசலில் ஏதோ சத்தம் கேட்டது போலிருந்தது. நிறுத்தினான். நாய். மறுபடி பக்கத்தில் தட்டிப் பார்த்தான். முடியிழை அளவு குரல் இறங்கியிருந்தது. ஊருக்குத் தெரியாது, இசையாசிரியருக்குத் தெரியும். அது போதும். விழுந்த பொடியைத் துடைத்து, பாயை முன்பிருந்த மாதிரியே மூடிவிட்டு, இறைச்சி வாங்கப் போனான்.

அன்றைக்கு வெகுநாளுக்குப் பிறகு அவன் வயிறு நிறையச் சாப்பிட்டான். "வயித்துவலின்னு சொன்னாங்களே?" என்றாள் ஷூமீ. "சரியாப் போச்சு" என்றான்.

மறுநாள் முன்னோர் கோயிலில் எலும்பைக் குடையும் குளிர். அரக்குப் பூசிய சிவப்பு உத்தரத்தில் பத்தொன்பது மணிகளும் சரிவாகத் தொங்கின. முற்றத்தில் புது மணிகளுக்குச் சடங்காகப் பூசும் ரத்தத்துக்காக ஒரு காளையைக் கட்டி வைத்திருந்தார்கள். பட்டறை முழுவதும் கைகளைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு வரிசையாக நின்றது. இசையாசிரியர் ஷீதாங் பிறவிக் குருடர், அறுபது வயதுக்கு மேலிருக்கும். நரம்பு கட்டிய நீளமான பலகை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு நரம்பை மீட்டுவார், ஒரு மணியைத் தட்டச் சொல்வார், தலையை ஆட்டுவார், அடுத்தது.

யூபானின் பதினொரு மணிகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் பேசின. "நல்லாருக்கு. நல்லாருக்கு" என்றார். அவ்வளவுதான். கை யாருடையது என்று கேட்கவில்லை. யூபான் கவலைப்படவில்லை. பெரியது பாழாகட்டும், பிறகு இருக்கிறதில் எது நல்லது என்று தேட வேண்டியிருக்கும்.

லைஜூவின் ஏழு மணிகள் ஆயின. பெரிய மணிக்கு வந்தார்கள். நடுவில் தட்டினார்கள். ஷீதாங் தலையாட்டினார். பக்கத்தில் தட்டினார்கள். யூபான் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

ஷீதாங் தலையாட்டவில்லை. நரம்பை மறுபடி மீட்டினார். "இன்னொருக்கா தட்டு" என்றார். தட்டினார்கள். முகம் அப்படியே மலர்ந்தது.

"இந்தக் கை யாருது?"

காதில் விழுந்ததை யூபானால் நம்ப முடியவில்லை. மேற்பார்வையாளர், "லைஜூங்க ஐயா" என்றார்.

"எங்க வெச்சுத் தேய்ச்சே, லைஜூ?"

"நடுக்குரலை முற்றத்துலங்க. பக்கக் குரலைச் சூளை ஓரமா."

"அதானே! கை குடுங்க" என்று எழுந்தார். இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, மணிக்கு அடியில் குனிந்து வாய்க்குள் விரல்களை விட்டுத் தடவினார். "வெண்கலம் சூட்டுல தணிஞ்சு பேசும், குளிர்ல எகிறிப் பேசும். சூளை ஓரத்துல சரியா இருக்கிற குரல், இங்க வந்தா முடியிழை ஏறித்தான் நிக்கணும். நிக்கலையே! இதோ... மூணு இழுப்பு. புதுசு. ஓரம்கூட இன்னும் மழுங்கல. சூட்டுல உக்காந்துக்கிட்டே இன்னைக்குக் குளிரைக் கேட்டு, அதுக்குன்னு அளந்து மூணே மூணு இழுப்பு! நாப்பது வருஷமா மணி கேக்கிறேன். இந்த மாதிரி ஒரு காதைப் பத்தி நான் கேள்விப்பட்டதே இல்ல."

கூட்டம் ஆரவாரம் செய்தது. லைஜூ சிரிக்கவில்லை. அவன் முகத்தில் ஒரு குழப்பம் வந்தது. பிறகு மெதுவாகத் திரும்பி யூபானைப் பார்த்தான்.

யூபான் அவனைப் பார்க்கவில்லை. அவனுக்குள் அப்போது நடந்ததை எப்படிச் சொல்வது? மணியைக் கெடுக்கத்தான் தேய்த்தோம் என்பது அவனுக்கு ஒரு நொடியில் மறந்தேபோனது. அது தன்னுடைய இழுப்பு. தன்னுடைய மூன்று இழுப்பு. நாற்பது வருடத்தில் யாருக்கும் கிடைக்காத பாராட்டு, ஊரே கேட்க, தன்னுடைய பாராட்டு, இன்னொருவன் தலையில் போய் விழுகிறது. காலாவது சட்டமாவது!

"அது என்னுது!" என்று கத்தினான். "அந்த மூணு இழுப்பும் என்னுது! நான் தேய்ச்சது!"

மேற்பார்வையாளர் முகம் கருத்தது. "யூபான், என்ன பேசுறோம்னு தெரிஞ்சுதான் பேசுறியா? அடுத்தவன் பேரு போட்ட மணியில நீ கல்லை வெச்சியா?"

"வெச்சேன்! நேத்து மத்தியானம்! அவன் காது இல்ல அது, என் காது!"

வாசலில் நின்ற காவல்காரர்கள் இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். அப்போதுதான் யூபானுக்குப் பாதம் சில்லிட்டது. ஆனால் சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்க அவனுக்கு மனசு வரவில்லை. வாங்கினால் அந்தப் பாராட்டு போய்விடுமே.

ஷீதாங் முகத்தைக் குரல் வந்த திசையிலிருந்து மெல்லத் திருப்பினார். "லைஜூ, உன் மணி. நீ சொல்லு. இவர் சொல்றது நெசமா?"

லைஜூ குனிந்து யூபானின் வைக்கோல் செருப்பைப் பார்த்தான்.

"இல்லீங்க ஐயா. நான் தேய்ச்சதுதான்."

"பொய்யி!" யூபான் எகிறினான். "மூணு இழுப்பு, கருங்கல்லுல, இடது ஓரத்துல! இவனுக்கு எப்படித் தெரியும்? கேளுங்க அவனை!"

"அண்ணன் சொல்றது சரிதாங்க" என்றான் லைஜூ. "கருங்கல்லுதான், இடது ஓரம்தான். நான் தேய்க்கும்போது பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டிருந்தாரு. ஒரு இழுப்பு போதும்னு நான் சொன்னேன், மூணு போடுன்னு அவருதான் சொன்னாரு. அதைத்தான் தன்னோடதுன்னு சொல்றாரு போல."

யாரோ ஒருவன் பொத்துக்கொண்டு சிரித்தான். அப்புறம் எல்லோரும். "லைஜூ பொண்டாட்டி புள்ள பெத்தாக்கூட, அது நான் பெத்ததும்பாரு நம்ம யூபான்!" என்றான் துருத்திக்காரன். மேற்பார்வையாளரே சிரித்துவிட்டார். காவல்காரர்கள் திரும்பிப் போனார்கள். முப்பத்திரண்டு வருடமாக யார் வாங்கிய நல்ல பெயரானாலும் தன் பங்கு கேட்டவன் யூபான். அவன் உண்மை பேசிய ஒரே நாளில் அவனை நம்ப ஓர் ஆள் இல்லை.

"நேரமாச்சு, ரத்தத்தைக் கொண்டாங்க" என்றார் மேற்பார்வையாளர். காளையின் ரத்தத்தை மணிகளின் இடுக்குகளில் பூசினார்கள். லைஜூவைக் கூப்பிட்டு இசையாசிரியர் பக்கத்தில் நிறுத்தினார்கள். தலைவனுக்கான இடம் அது.

கோயிலைவிட்டு வெளியே வரும்போது யூபான் கூட்டத்தில் லைஜூவைத் தேடிப் பிடித்து, அவன் கையை இழுத்துச் சுவரோரம் கொண்டுபோனான்.

"உனக்குத் தெரியும். நான் தேய்ச்சேன்னு உனக்குத் தெரியும். ஏன் பொய் சொன்னே?"

"தெரியும்ணே."

"கெடுக்கத்தான் தேய்ச்சேன், அதுவும் தெரியுமா?"

"அதுவும் தெரியும்."

"அப்புறம்?"

லைஜூ சட்டைக்குள்ளிருந்து கைகளை எடுத்து ஊதிக்கொண்டான். "உங்க காலு எனக்கு எதுக்குண்ணே?" என்றான். "தலைவன் வேலையை எப்படியும் எனக்குத்தான் குடுத்திருப்பாங்க. காலையும் சேத்து வாங்கிக்கிட்டா, தினமும் உங்க முகத்தை நான் எப்படிப் பாக்கிறது? நாளைக்குச் சூளைப் பக்கம் வந்துடுங்க. அந்தத் தெற்கு அறை ஆளைக் கொன்னுடும்."

யூபான் வீட்டுக்குப் போய்ச் செருப்பைக்கூடக் கழற்றாமல் பாயில் உட்கார்ந்தான். ஷூமீக்கு அதற்குள் விஷயம் வந்து சேர்ந்திருந்தது, ஊர் சிரித்த வடிவத்தில். அவளிடம் மட்டும் நடந்ததை நடந்தபடி சொன்னான். பாயை விலக்கியது, தட்டியது, மூன்று இழுப்பு, கடைசியில் சுவரோரம் லைஜூ சொன்னது வரைக்கும். அவள் நூல் நூற்கும் கதிரை நிறுத்திவிட்டுக் கேட்டாள். உலகத்திலேயே அவனை நம்பிய ஒரே ஆள் அவள்தான். நம்பியதும் முதல் காரியமாக அவன் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"கடைசியில நல்லவன்ங்கிற பேரும் அவனுக்கே போச்சு, பார்த்தியா?" என்றான் யூபான். "அதையாவது எனக்கு விட்டுவெச்சானா?"

ஷூமீ அவன் செருப்பை மெல்லக் கழற்றினாள். "ஒண்ணு கேக்கிறேன், கோவிச்சுக்காதீங்க. அவரு உங்க மணியில கல்லை வெச்சு, அவரே வந்து ஒத்துக்கிட்டு, உங்களைக் கூப்பிட்டு 'நெசமா'ன்னு கேட்டிருந்தா, நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?"

யூபானுக்குப் பதில் தெரியும். கேள்வி முடிவதற்கு முன்னாலேயே "நெசம்" என்றிருப்பான், எந்தக் கால் என்று கேட்டால் லைஜூவின் இரண்டையும் காட்டியிருப்பான். லைஜூவிடம் இருப்பதில் எதைப் பறித்தாலும் இந்த மனசு ஒன்றைப் பறித்துத் தன்னிடம் வைத்துக்கொள்ள முடியாது என்று அப்போது அவனுக்கு உறைத்தது. அவன் பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு, ஐந்து விரலும் குறையாத இரண்டு பாதங்களையும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு, லைஜூமேல் வந்த பொறாமையில் விம்மி விம்மி அழுதான்.